உறுதிமொழி வாசித்தவள்

குளச்சல் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ரப்பர் கையுறை கம்பெனிச் சீருடையில் இருந்தவள் சலித்துக்கொண்டாள்.

“கம்பெனி சுற்றுச்சூழல் நாள் விழாவுல, தண்ணிய மாசுபடுத்த மாட்டோம்னு உறுதிமொழி வாசிக்க என்னையத்தான் மேடையில ஏத்தினாவ, மக்கா.”

“வாசிச்சியா?”

“வாசிச்சேன். கம்பெனிக்குப் பின்னால இருக்க எனக்க வீட்டுக் கிணத்துல இருந்து ஒரு பாட்டில் வெள்ளமும் கோரிக் கொண்டு போயிருந்தேன். இதுல குளிச்சுதான் பிள்ளையளுக்கு மேலெல்லாம் சொறி, ஒரு வாய் குடிங்க சார்னு மேனேஜருக்க கையில குடுத்தேன்.”

“ஏட்டி! குடிச்சாரா?”

“மோந்து பாத்துட்டுக் கீழ வச்சிட்டாரு.”

“வேலை போச்சா?”

“இல்ல மக்கா. பசுமைக் கமிட்டியில என்னையும் மெம்பராக்கிட்டாவ.”

“அப்போ கிணறு?”

“அதையும் நான்தான் விசாரிச்சு அறிக்கை குடுக்கணுமாம்.”