முடியல என்று அம்மா சொன்ன இடம்

அவைக்குத் தலைமை ஏற்று, என்னை இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் தலைவர் ஐயா அவர்களே. கேட்பவர்களுக்குப் புரியும்படி நோயைப் பற்றிப் பேசத் தெரிந்த எங்கள் நரம்பியல் டாக்டர் அம்மா அவர்களே. வயதால் மூத்தவர்களே, வலியால் மூத்தவர்களே. பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே. மேட்டில் மூச்சு வாங்கியவர்களே, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்களே, முனைக்கு முனை நின்று தண்ணீர் கொடுத்தவர்களே. சக்கர நாற்காலியோடு முன்வரிசைக்கு வந்து, எங்கள் எல்லாரையும்விட நல்ல இருக்கையில் அமர்ந்திருப்பவர்களே. உங்கள் அனைவருக்கும், சலவைக் கடையில் இஸ்திரி போடும் ஒரு பெண்ணின் வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. நாள் முழுக்கச் சட்டைகளோடுதான் என் பேச்சு. சட்டைகள் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. கைதட்டுவதும் இல்லை.

இப்போது தனியாகக் கைதட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். சட்டென்று சூடாகிவிடுவார் என்பதால் தெருவில் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர். மாமா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. உட்காருங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு திருத்தம். தலைவர் ஐயா எங்களை அறிமுகப்படுத்தும்போது, “மிதிவண்டிப் பயணத்தை வெற்றியோடு முடித்த தாயும் மகளும்” என்றார். பதக்கமும் அணிவித்தார். ஐயா மன்னிக்க வேண்டும். நாங்கள் முடிக்கவில்லை. பதக்கத்தை இந்த மேசைமேல் வைக்கிறேன். கோபம் எதுவும் இல்லை. கழுத்தில் இதைப் போட்டுக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னால், கதை நம்பும்படி இருக்காது.

என் அம்மா மூன்றாவது வரிசை ஓரத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். மேடை ஏறும்போது, “வெக்கையா இருந்தா கையைத் தூக்கும்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். “நீ போய்ப் பேசு” என்றார். தூக்குகிறேன் என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா? அதுதான் என் அம்மா.

எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது. ஒண்ணுமில்ல. எந்த வீட்டில்தான் இல்லை அந்தச் சொல் என்று கேட்கிறீர்கள். சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நோயே அந்தச் சொல்லுக்குள் குடியிருந்தது. டம்ளர் கை நழுவி விழுந்தது, என்னம்மா என்றேன், ஒண்ணுமில்ல. நேரான நடைபாதையில் கால் இடறியது, என்னம்மா என்றேன், ஒண்ணுமில்ல. எதிரே வந்த கடைக்காரியை அடையாளம் தெரியாமல் கடந்து போனார், என்னம்மா என்றேன், ஒண்ணுமில்லடி, வேற யோசனை.

இஸ்திரி மேசை அப்போது அம்மாவுடையது. பள்ளி விட்டதும் நான் போய்ச் சட்டை மடித்துக் கொடுப்பேன். ஒரு மாலை கருகும் வாடை வந்தது. “அம்மா, சட்டை கருகுது” என்றேன். அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. கருகியது அவருடைய இடது கை. இஸ்திரிப் பெட்டியின் விளிம்பில் பட்டுக்கொண்டிருந்தது; அவருக்குத் தெரியவே இல்லை. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புடவைக்குள் மறைத்தார். என்ன சொல்லியிருப்பார்?

ஆமாம். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்தக் கைதான் எங்களை டாக்டர் அம்மாவிடம் கொண்டுபோனது. எம்.எஸ். என்றார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மாமா திருப்பிச் சொல்லிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். “நரம்பை ஒரு வயர்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல ஒரு உறை இருக்கு. உடம்பே அந்த உறையை அங்கங்க அரிச்சுடுது. அப்போ சேதி ஒழுங்காப் போகாது.”

மாமாவின் முகம் தெளிந்தது. பேச்சு அவர் தொழிலுக்குள் வந்துவிட்டதே. “அவ்வளவுதானா டாக்டர்? டேப் சுத்திட்டாப் போச்சு.”

“அந்த டேப்பைத்தான் தேடிட்டு இருக்கோம். அதுக்காகத்தான் வருஷா வருஷம் சைக்கிள் விட்டுப் பணம் சேக்கறோம்.”

அப்போதுதான் அம்மா கேட்டார்: “அந்த சைக்கிள்ல நானும் ஏறலாமா?”

அதற்குப் பிறகு மேசை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதைப் பற்றி இன்று பேச வரவில்லை. பேச வந்தது மிதிவண்டியைப் பற்றி.

இருவர் ஓட்டும் வண்டி. முன்னால் நான், பின்னால் அம்மா. உங்களில் பலருக்குத் தெரியும்: அதில் இரண்டு பேருடைய மிதிகளும் ஒரே சங்கிலியில் பிணைந்தவை. நான் மிதித்தால் அவருடையதும் சுற்றும். அவர் மிதித்தால் என்னுடையதும் சுற்றும். பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா, மரத்துப்போன காலை வண்டி சுற்றிக்கொண்டிருக்கிறதா? முன்னால் இருப்பவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. தெரிந்துகொள்ள இருப்பது ஒன்றே ஒன்று: அவருடைய வாய்.

அந்த வாயை நம்பலாமா?

டாக்டர் அம்மா அனுமதி கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு. “உடம்பு சூடானா கண்ணு மங்கும், காலு மரத்துப்போகும். நிறுத்தி ஆறவிட்டா பெரும்பாலும் திரும்பி வந்துடும். ஆனா நீங்க சொல்லணும். சொல்லாம ஓட்டி நடுரோட்டுல விழுந்தீங்கன்னா உங்க பொண்ணும் சேந்து விழுவா.” ஆக, வண்டியில் ஒண்ணுமில்ல என்ற சொல்லுக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக ஒரு சொல்லை வைத்தோம். முடியல. அதைக் கேட்டதும் நான் நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சி, கடைக்குப் பின்னால் துணி காயும் முற்றத்தில். வண்டி ஓட்டுவது அம்மாவுக்கு உடனே வந்துவிட்டது. சொல்தான் வரவில்லை.

“எங்க, முடியலன்னு சொல்லு.”

“இப்ப நல்லாத்தானே இருக்கேன். எதுக்குடி சும்மா சொல்லணும்?”

“பழகறதுக்கு.”

“முடி…” என்று இழுத்தார். “முடியும்.”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். “அக்கா, இப்படிச் சொல்லு: என் தம்பியைக் கட்டி மேய்க்க முடியல. தானா வந்துடும்.”

“அது முடியும்டா. இத்தனை வருஷம் மேச்சிட்டேன்.”

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் பயணத்துக்கு முந்தின நாள்வரை அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

அந்தக் காலையை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். பாலத்தில் காற்று இருந்தது. அம்மா பாடிக்கொண்டு வந்தார், சுருதி இல்லாமல். ஆற்றங்கரையில் தண்ணீர் குடித்தோம். மாமா பின்னால் வேனில் வந்துகொண்டே, “ஒழுங்கா ஓட்டுங்கம்மா” என்று ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்கே கேட்கும்படி சொன்னார். நடுநடுவே நான் கேட்பேன்: அம்மா? அவர் சொல்வார்: இருக்கேன். அம்மா? இருக்கேன். ஏற்றத்திலும் இருக்கேன், இறக்கத்திலும் இருக்கேன்.

பிறகு வந்தது கடைசி மேடு. வெயில் ஏறியிருந்தது. மேட்டின் தலையில், பயணம் முடியும் இடத்தில், வண்ண வளைவு. மேளச் சத்தம். பெயர் பெயராக வாழ்த்தும் குரல். மேட்டின் இருபுறமும் நீங்கள் நின்றீர்கள். என்ன கூவினீர்கள்? முடியும், முடியும், முடியும். அன்போடுதான் கூவினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த வளைவு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஆனால் ஊரே முடியும் என்று கூவும்போது, முடியாது என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

“அம்மா?”

பதில் இல்லை.

“அம்மா?”

மிதி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வண்டி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. பிறகு என் முதுகுக்குப் பின்னால், சாதாரணமான குரலில், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதுபோல:

“முடியல.”

நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்தேன். இடது கால் மிதியிலிருந்து எப்போதோ நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கால் சொல்லி அது அவருக்குத் தெரியவில்லை. கண்முன் வளைவு இரண்டாகத் தெரிந்ததால்தான் சொன்னாராம். இன்னும் சற்றுத் தூரம் போயிருந்தால் அந்தக் கால் எங்கே சிக்கியிருக்கும் என்று, வேனிலிருந்து ஓடிவந்து வண்டியைப் பிடித்திருந்த மாமா பார்த்தார், நானும் பார்த்தேன்.

மூடியிருந்த ஒரு கடையின் படியில் அம்மாவை உட்காரவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டோம். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. “அதோ தெரியுது பாரு அக்கா. உன்னை உக்காரவச்சுத் தள்ளிக்கிட்டே போயிடறேன்.”

“நீ வேணா தள்ளிக்கிட்டுப் போ. என்னால முடியல.”

இரண்டாம் முறை எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவரே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “எடுத்துட்டுப் போடா உன் வளைவை” என்றார். வேனில் வீட்டுக்குப் போனோம்.

அவையோரே, ஒன்று கேட்கிறேன். முடியல என்றால் என்ன? செய்ய இயலவில்லை என்றாலும் முடியல. உடம்பு சரியில்லை என்றாலும் முடியல. இன்னும் தீர்ந்துவிடவில்லை என்றாலும் அதே முடியல. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, பிறகு ஏன் அதைத் தோல்வியின் சொல்லாக மட்டும் கேட்கிறோம்? வீட்டில் ஒருவர் முடியல என்றால் நாம் என்ன சொல்கிறோம்? முயற்சி செய் என்கிறோம். மனசை விடாதே என்கிறோம். எனக்கும்தான் முடியல என்கிறோம். நிறுத்தட்டுமா என்று கேட்கிறோமா? முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலை அது ஒன்றுதான். வேகமாக மிதிப்பது அல்ல. வழி காட்டுவதுகூட அல்ல. பின்னால் வரும் குரலைக் கேட்டு நிறுத்துவது. நிறுத்துகிறவர்கள் இருந்தால்தான் சொல்கிறவர்கள் சொல்வார்கள். சொல்கிறவர்கள் சொன்னால்தான் டாக்டர் அம்மாவுக்கு நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்தால்தான் மாமாவின் டேப்பைத் தேட முடியும். அடுத்த ஆண்டும் நாங்கள் வண்டியில் ஏறுவோம். ஏறுவதற்கு நான் சொல்லும் காரணம்…

மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை மேலே போயிருக்கிறது. நானாகக் கேட்கவில்லை. தானாகவே தூக்கியிருக்கிறார்.

மாமா, கதவைத் திறந்து விடுங்கள். வேனைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அம்மா, எழுந்திருக்காதே, நான் வர்றேன்.

சொல்ல நினைத்ததில் பாதி இன்னும் என்னிடமே இருக்கிறது. இருக்கட்டும். தலைவர் ஐயாவுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடைசிவரை கையைத் தூக்காமல் இருந்துவிடாத என் அம்மாவுக்கும் நன்றி. என் பேச்சு முடியல. வணக்கம்.