மாற்றிப் போடாத கம்பி

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த விளக்கு மட்டும் எரியட்டும்...

மதியம் இரண்டரை மணி. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. வெயிலில் ஈ காக்கை இல்லை. அங்கேதான் என் சிநேகிதனின் மச்சானுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. பின்னறையில் அவருடைய அண்ணன், படுத்த படுக்கை. பேச்சு நின்று மூன்று வருடம்.

மச்சான் கெட்டிக்காரர். கடை மேசையில் கையகலக் கம்ப்யூட்டர் வைத்தார். கட்டிலில் தீப்பெட்டி அளவு போர்டு, ஒரு பட்டன், ஒரு குட்டி விளக்கு. நடுவே கம்பி. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கம்ப்யூட்டர் கேட்கும்: 'இருக்கியா?' கட்டிலில் விளக்கு எரியும். அண்ணன் பட்டனை அமுக்குவார். கடையில் 'டிக்'... திரையில் 'இருக்கேன்'. போர்டுக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

அன்று காலை, எலி கடித்த கம்பியை மாற்றினார். அண்ணன் நல்ல தூக்கம். கடைக்கு வந்து உட்கார்ந்தால்... டிக். இருக்கேன். சரி, கம்பி வேலை செய்கிறது என்று விட்டுவிட்டார்.

ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ஒரே திருகாணியை மூன்று தரம் கழற்றினார். இரண்டரைக்குத்தான் பிடிபட்டது. அண்ணனுக்குக் கை நடுங்கும். பதில் வர அரை நிமிடமாவது ஆகும். இன்று கேட்ட நொடியில் வருகிறது.

கம்பியைப் பார்த்தார். உள்ளே இரண்டு இழை. இங்கே பேசும் முனை, அங்கே கேட்கும் முனைக்குப் போகவேண்டும். அங்கே பேசுவது இங்கே கேட்பதற்கு. மாற்றிப் போடவேண்டும். அவசரத்தில் நேராகப் போட்டிருந்தார். காலையிலிருந்து ஒரு பதில்கூட வந்திருக்க முடியாது.

டிக். இருக்கேன்.

ஓடினார். அறையில் காலையில் கம்பிக்குப் பற்றவைத்த ஈய வாசனை. அண்ணனின் கட்டைவிரல் பட்டனை அமுக்கியபடியே விறைத்திருந்தது.

"காலையிலேயே பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர். பத்தடி நடந்து பார்க்காத பாவி நான் என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

காரியம் முடிந்ததும் கம்பியை அறுத்துச் சுருட்டி டிராயரில் போட்டுப் பூட்டினார். கம்ப்யூட்டர் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டார். மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது... டிக்.

திரையில், 'தம்பி, இருக்கியா?'

பிறகு ஒருநாள் கடைக்குப் போன சிநேகிதன் இதைக் கேட்டுப் பதறிப்போய், "மச்சான், பதில் மட்டும் போட்டுடாதீங்க," என்றானாம்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு ஒரு நாள் தவிக்க விட்டது போதும்டா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."