புளியங்குடி லைனில் கேட்கும் பேர்

— இன்னொரு தடவை லைனை விட்டு வெளிய போயிட்டு உள்ள வா, ஷமீரா.

— இதோட நாலு தடவை ஆயிட்டு, காளிராஜ் அண்ணாச்சி. புளியங்குடி ஆபீஸ்ல எனக்கு வேற சோலியே இல்லன்னு நெனச்சீங்களா?

— டெஸ்ட் பண்ணுதேன்ம்மா.

— மத்தியானம் நிப்பாட்டப் போற மிஷினுக்கு என்ன டெஸ்ட்டு? நாளையிலருந்து மெட்ராஸ்காரன் ஆப்புலதான் மீட்டிங்குன்னு சங்கரன்கோவில்லருந்து நீங்கதான மெயில் போட்டீங்க?

— நாந்தான் போட்டேன். மனசு கேக்கல, என்ன செய்யச் சொல்லுத? நம்ம சேலைக் கம்பெனிக்குன்னே வாங்கி, என் கையால மாட்டுன மீட்டிங் சர்வர். பன்னெண்டு வருசம். மொத நாள் கூத்து உனக்குத் தெரியாது. கரிவலத்து குடோன்காரர், மைக்ல பேசுனா இங்கன கேக்காதுன்னு தொண்டை கிழியக் கத்துதாரு. வீடியோவுல மூஞ்சி தெரியுமாம்னு புளியங்குடிக்காரி பவுடரை அப்பிட்டு வந்து உக்காந்திருக்கா. நாங்க ஆர்டரைப் பேசவா, சிரிக்கவா?

— புளியங்குடிக்காரின்னா, எனக்கு முந்தி இங்கன இருந்த கோமதித்தாய் அக்காவா?

— ம்.

— நான் உள்ள வரும்போதெல்லாம், யாரு வந்திருக்கான்னு மிஷின் சொல்லுத எடத்துல, இன்னமும் அந்த அக்கா பதிஞ்சு வச்ச குரல்தான் வருது. 'கோமதித்தாய், புளியங்குடி'ன்னு. அதைத்தான அண்ணாச்சி செல்போன்ல பிடிக்கப் பாக்கீங்க? அது முடிஞ்ச பொறவுதான் நீங்க வாயே தொறக்கீங்க.

— கண்டுபிடிச்சிட்டியா. நாலு தடவையும் இங்கன பக்கத்துத் தறிச் சத்தந்தான்ம்மா பதிஞ்சிருக்கு. அவ எங்கூடப் பொறந்தவ.

— பொறவு ஏன் இப்படித் திருட்டுத்தனமா?

— நம்ம கம்பெனி வேன் ஓட்டுன மருதப்பனை விரும்பிக் கட்டுனா. நான் கல்யாணத்துக்குப் போகல. அங்கன தாலி கட்டுத நேரம், இங்கன உக்காந்து சர்வரைத் தொடச்சிட்டு இருந்தேன். வீம்பு.

— யா அல்லா!

— அப்புறம் ரெண்டு வருசம், தினம் காலையில ஒரே மீட்டிங். 'புளியங்குடி, சேலை எத்தனை கட்டு?'ம்பேன். 'நாப்பது சார்'ம்பா. கூடப் பொறந்தவனை சாருன்னு கூப்பிடுதா பாரு.

— நீங்க தங்கச்சின்னா கூப்பிட்டீங்க? ஊர்ப் பேரைச் சொல்லித்தான கூப்பிட்டீங்க?

— அதுவும் சரிதான். பொறவு புருசனோட திருப்பூருக்குப் போயிட்டா. எங்கிட்ட ஒத்த வார்த்தை சொல்லல. அவ பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடுதது என் வேலை. போடல. ஒம்பதேகால் மீட்டிங்குல அந்தக் குரலைக் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். நாலு வருசமா யாருக்கும் தெரியாம நான் வச்சிருந்தது அது ஒண்ணுதான்.

— ஒரு போன் போட்டா முடிஞ்சு போச்சு.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போடச் சொல்லுத? வேண்டாம்னுதான போனா. எடுத்து, 'யாரு?'ன்னு கேட்டுட்டான்னா? பயமா இருக்கும்மா. மத்தியானத்தோட இந்தக் குரலும் போயிரும். தயவுபண்ணி இன்னொரு தடவை உள்ள வா.

— வாரேன். மொதல்ல நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. எம் பேரைப் போடுங்கன்னு நாலு வருசத்துல ஒரு நாளாவது உங்ககிட்ட கேட்டிருக்கனா?

— இல்ல. உனக்கு அது பெருசாத் தெரியல போலன்னு நெனச்சேன்.

— நல்லா நெனச்சீங்க! நான் வரும்போது வேற ஆளு பேரைச் சொன்னா எனக்கு மட்டும் இனிக்குமா? கரிவலத்து ஆளுக இன்னமும் என்னய கோமதின்னுதான் கூப்பிடுதாங்க.

— அப்ப ஏன்ம்மா கேக்கல?

— ஆபீஸ் சாவியக் குடுத்த அன்னைக்கு அக்கா, அண்ணன் யாருன்னு சொல்லாம, என் கையப் பிடிச்சிட்டுச் சொல்லுச்சு அண்ணாச்சி. 'பேரை மட்டும் மாத்தச் சொல்லிராத புள்ள. எங்க அண்ணன் வீம்புக்காரன், எனக்குப் போன் போட மாட்டான். தினம் ஒரு தடவையாவது என் குரல் அவன் காதுல விழட்டும்'னு.