குழாய் இல்லாத வாளி

பெயர்: அட்ராக்டா ஃபர்லாங். வயது: எழுபத்தெட்டு. கணவர்: காலஞ்சென்ற லார் ஃபர்லாங். முகவரி: கோயில் சாலை, பாலிநஸ்கா பங்கு, வெக்ஸ்போர்டு மாவட்டம், அயர்லாந்து. நான் சொல்லச் சொல்ல எழுதியவர்: போலீஸ் சார்ஜண்ட் ஹனராஹன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். மாட்டு மடிக்குத் தடவும் மருந்து வந்த டிரம்மில் நான் பீர் காய்ச்சினேன் என்றும், கணவர் இறந்தபின் எனக்கு நினைவு தடுமாறுகிறது என்றும் ஊரில் பேசுகிறார்கள். இரண்டும் பொய். நான் காய்ச்சியது புதிதாக விலைக்கு வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் வாளியில். அதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பது முதற்கொண்டு எனக்கு நினைவிருக்கிறது.

என் கணவர் கடந்த பிப்ரவரியில் இறந்தார். எங்கள் பங்குக் கோயிலின் அறுவடை விருந்தன்று, அந்த ஆண்டு இறந்தவரின் வீட்டார் காய்ச்சிய புது பீரைப் போத்தலில் அடைக்காமல் அப்படியே கொண்டு வந்து, முதல் குவளையை இறந்தவரின் படத்துக்கு முன் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். லார் நாற்பது ஆண்டுகள் வீட்டிலேயே பீர் காய்ச்சியவர். அவர் பயன்படுத்திய கண்ணாடி ஜாடிகளை, அடக்கம் முடிந்த வாரமே அவர் தம்பி நிக்கி, "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணி" என்று சொல்லி எடுத்துப்போய்த் தம் வீட்டு முன்னறையில் விளக்குகளாக மாற்றி வைத்திருக்கிறார். ஆகவே எனக்குப் புதுப் பாத்திரம் தேவைப்பட்டது.

அதன் பிறகு ஆகஸ்டில், நிக்கி வண்டி ஓட்ட, டவுனில் உள்ள சின்னட் கடைக்குப் போனேன். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் என்ற முத்திரை அடியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்துப் பார்த்தேன். உள்பக்கத்தை விரலால் தடவி, கீறல் இருந்த இரண்டைத் தள்ளி வைத்தேன். கீறலுக்குள் கிருமி உட்கார்ந்தால் எந்தத் தண்ணீருக்கும் போகாது. நுரை பொங்க மேலே இடம் இருக்க வேண்டும் என்பதால் பெரியதாகக் கேட்டேன். மூடியில் வாயு வெளியேறும் வளைகுழலுக்கான துளையும், அதற்கு ரப்பர் வளையமும் இருந்ததை உறுதி செய்துகொண்டேன். நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில், கழுவிய பாத்திரத்தை மோந்து பார்க்காமல் அடுக்க எங்களை விட்டதில்லை. கடையிலும் மோந்து பார்த்தேன். நிக்கி சிரித்தார்.

சின்னட், "அடியில குழாய் வச்சதா எடுங்க மிஸஸ் ஃபர்லாங். திருகினா வந்துடும். இந்த வயசுல டியூபைப் போட்டு இறக்கிக்கிட்டு இருப்பீங்களா?" என்றார்.

நான், "அந்தக் குழாயைக் கழட்டித் திருகு மரையைக் காட்டுங்க" என்றேன். அவர் கடையில் பயன்படுத்தும் வாளியின் குழாயைக் கழற்றினார். மரைக்குள் பழுப்பாகப் படலம் இருந்தது. "இதை யார் கழுவுறது? வாராவாரம் நீங்க வந்து கழுவிக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"விடுய்யா சின்னட். குழாயைச் சாமியார்கிட்டப் பாவமன்னிப்புக்கு அனுப்பாம அண்ணி ஓயமாட்டாங்க" என்று நிக்கி சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குழாய் இல்லாத வாளியை வாங்கினேன். அதை வண்டியில் ஏற்றியவர் நிக்கி.

அதன் பிறகு செப்டம்பரில் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, மாடிப்படி அடியில் வைத்தேன். நான் பள்ளியில் மது தொடுவதில்லை என்று உறுதி எடுத்தவள். அந்த உறுதிக்கு அடையாளமான திரு இருதயச் சின்னத்தை இன்றும் உடையில் குத்தியிருக்கிறேன். ஆகவே என் பீரை நான் சுவைத்ததில்லை. நிறத்தையும் மணத்தையும் பார்த்தேன். வெளிர்நிறமாக, ரொட்டி மணத்தோடு இருந்தது.

விருந்தன்று மாலை நிக்கி வந்து வாளியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பக்கத்து வீட்டுக்காரர்களோடு விருந்து மண்டபத்துக்கு நடந்து போனேன். இறந்தவரின் மனைவி முன்வரிசையில் உட்கார வேண்டும். பீரைப் பரிமாறுவது தம்பியின் வேலை. அவர் மண்டபத்துச் சமையலறையில் ஊற்றிக் குவளைகளைத் தட்டில் அனுப்பினார். லார் படத்துக்கு முன் வைத்த குவளை நான் காய்ச்சியதைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு குடித்தவர்களில் பலர் தொண்டை எரிந்து வாந்தி எடுத்தார்கள். பாடற்குழுவில் ஆர்கன் வாசிக்கும் ஜெம் ரோச் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார். நான் பார்க்கப் போனபோது அவர், "முதல் வாயிலயே ஒரு மாதிரிதான் இருந்துச்சும்மா. லார் பேர்ல குடுத்ததாச்சே, கீழ வைக்க மனசு வரல" என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்து, "தான் குடிக்க மாட்டாங்களாம், மத்தவங்களுக்கு எதை வேணா ஊத்துவாங்களாம்" என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு என் மகள் உர்சுலா டப்ளினிலிருந்து வந்தாள். நான் பக்கத்தில் நிற்கும்போதே குளிர்பெட்டியைத் திறந்து பாலை மோந்து பார்த்தாள். என் கார் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் அறை சொல்லி வைத்திருப்பதாகவும், "ஒரு மாசம் இருந்து பாரும்மா, புடிக்கலன்னா அப்புறம் பேசலாம்" என்றும் சொன்னாள். இன்று என்ன கிழமை என்று கேட்க ஒரு டாக்டரை வரவழைத்தாள். சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள்.

அதன் பிறகு சார்ஜண்ட் என்னை அழைத்து, மண்டபத்தில் கைப்பற்றிய பாத்திரத்தைக் காட்டினார். அது வாளியே அல்ல. மேலே ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்த டிரம், அடியில் குழாய் பொருத்தியது. குழாயை மோந்தேன். பால் கறந்தபின் மடியில் தடவும் அயோடின் நாற்றம் இருந்தது. பிளாஸ்டிக்கில் ஏறிய அந்த நாற்றம் எத்தனை முறை கழுவினாலும் போகாது. இது என்னுடையது அல்ல என்றேன். "உங்க கொழுந்தனார் இதுதான் உங்களோடதுன்னு கையெழுத்தே போட்டிருக்காரே மேடம்" என்றார் சார்ஜண்ட். சின்னட்டைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் நிக்கியைக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம் நிறுத்தி, என் வாளி எங்கே என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றவில்லை.

"பாலத்து மேட்டுல டிரெய்லர் தூக்கிப் போட்டுச்சு அண்ணி. வாளி கவுந்து உடைஞ்சே போச்சு. ஊரே குவளையோட உக்காந்திருக்கு. அண்ணன் பேரு கெடக்கூடாதுன்னு நான் காய்ச்சினதை ஊத்துனேன்."

"எந்த டிரம்முல காய்ச்சின?"

"கழுவித்தான் வச்சிருந்தேன்."

"என்னோடதுன்னு ஏன் கையெழுத்துப் போட்ட?"

"என் மாட்டுக் கொட்டாயில மருந்து டிரம்முல காய்ச்சுறேன்னு தெரிஞ்சா பால் கம்பெனிக்காரன் நாளைக்கே என்கிட்ட பால் வாங்குறதை நிறுத்திடுவான். உங்களுக்கு வயசாயிடுச்சுன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உங்களுக்கு என்ன அண்ணி, இழக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே."

நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். உர்சுலாவிடம் சொன்னேன். "சித்தப்பா மேலயே பழி போடுறியா" என்று கேட்டுவிட்டு, என் பெட்டியில் கம்பளி உடைகளை அடுக்குவதைத் தொடர்ந்தாள். வியாழக்கிழமை என்னை அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சார்ஜண்ட் எழுதியதை முழுவதும் படித்தேன். "மூதாட்டி" என்று எழுதியிருந்த இடத்தில் என் பெயரை எழுதச் செய்தேன். இதில் உள்ளது அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை. யாரும் சொல்லிக் கொடுக்கவோ வற்புறுத்தவோ இல்லை.

கைப்பற்றிய டிரம் என்னுடையது அல்ல என்பதைச் சின்னட்டிடம் விசாரித்து, வியாழனுக்கு முன் எழுத்து மூலமாக, என் பெயருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். இப்போது அதை என் மகள்தான் எடுக்கிறாள்.

(கையொப்பம்) அட்ராக்டா ஃபர்லாங்