திரையின் முதல் வரியில் அவர் பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மறைந்த நம் கறுப்புத்திரை அம்மாவின் கணவர் அவர்களே, துக்கத்தோடு கூடியிருக்கும் என் சக ஊழியர்களே, வணக்கம்.

நான் இங்கே ஏசி பார்க்கிறவன். ஐஸ் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த மூன்று பக்கங்களையும் நானே எழுதினேன், நான்கு நாளில்! மெதுவாகத்தான் வாசிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கணினி அறைப் பொறுப்பாளராக இருந்தவர், கறுப்புத்திரை அம்மா! மற்றவர்கள் படத்தைத் தொட்டு வேலை செய்வார்கள். அவர் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார், வேலை நடந்துவிடும். அதனால் வந்த பெயர். அதைச் சொன்னால் அவரே முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இனி எங்கே கேட்பேன்?

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம். தினமும் பதினொரு மணி ஆனால், ஆஸ்பத்திரிக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் சர்வர் மெஷின் சூடேறி நின்றுவிடும். மருந்துக் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டும். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "ஏசி சரியில்ல, ஆளை மாத்துங்க" என்றார்கள். வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார், அப்போதிருந்த மேலாளர். என் இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்த நேரம் அது.

வியாழக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, மெஷினுக்குக் காய்ச்சல் வெளிய இருந்து வருதா, உள்ள இருந்து வருதான்னு பார்த்துடலாம். உக்காருங்க."

ஒரு வரி தட்டினார். அது கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். நிறுவட்டுமா என்று கேட்டது, சரி என்பதற்கு ஒரு எழுத்தைத் தட்டினார். எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. அவ்வளவுதான், புது நிரல் உள்ளே வந்துவிட்டது! அதன் பெயரைத் தட்டியதும் திரையின் மேலே எட்டுக் கோடுகள் தோன்றின.

"இந்த மெஷினோட மூளை எட்டு பங்குண்ணே. எது எவ்வளவு உழைக்குதுன்னு இந்தக் கோடு சொல்லும். கீழ இருக்கிறது, யார் யார் வேலை வாங்குறாங்கங்கிற பட்டியல். அதிகமா வாங்குறவங்க பேர் மேல வரும்."

கோடுகள் குட்டையாக இருந்தன. மணி பதினொன்று ஆனது. ஒவ்வொன்றாக நீண்டு, எட்டும் கடைசிவரை போய் முட்டின. எழுத்து தெரியாத எனக்கே புரிந்தது.

"யாரும்மா இப்படிப் போட்டு வாட்டுறது?"

அம்மா முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான்தாண்ணே."

அது, ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தினம் ஒருமுறை நகல் எடுக்க அவர் எழுதி வைத்த கட்டளை. பதினொரு மணிக்கு ஒரே முறை ஓட, நிமிடத்துக்கான இடத்தில் பூஜ்ஜியம் போட்டிருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டிருந்தார்; அதற்கு 'ஒவ்வொரு நிமிடமும்' என்று அர்த்தமாம். அதனால் நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பி, ஒன்று முடிவதற்குள் அடுத்தது மேலே ஏறி உட்கார்ந்தது.

"உங்க ஏசி பாவம்ணே, ஊதி ஊதி இளைச்சே போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

நண்பர்களே, யோசித்துப் பாருங்கள்! அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நட்சத்திரத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? இருந்தாரா? இல்லை! என்னையும் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்கு நடந்தார்.

"அதான் சரியாயிடுச்சுல்ல? இந்த ஆளை மாத்துறதோட முடிச்சுக்கலாமே. உங்களுக்கு எதுக்கும்மா கெட்ட பேரு?"

"தப்பு என்னுது சார். அவரை அனுப்புனா நானும் கிளம்புறேன்."

என் வேலை தப்பியது. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசியதில்லை. கோடுகள் ஓடும் திரையை மட்டும் ஒரு பழைய மானிட்டரில் எனக்காகத் திறந்தே வைத்தார். காலையில் உள்ளே வந்ததும், "என்னண்ணே, நம்ம எட்டுப் பேரும் சௌக்கியமா?" என்பார். எத்தனை காலைகள்!

சென்ற திங்கட்கிழமை, அம்மா இல்லாத கணினி அறை சூடாக இருந்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் குட்டை. எழுத்துக் கூட்டிப் பட்டியலையும் படித்தேன். குற்றம் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஏசியைத் திறந்தேன். போன மாதம் நான் துடைத்திருக்க வேண்டிய வடிகட்டியில் தூசி அப்பிக் கிடந்தது.

யாரும் பார்க்கவில்லை அம்மா. துடைத்து மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நான் பதிவேட்டை எடுத்தேன். "அறை சூடானது. காரணம், வடிகட்டியை நான் துடைக்கவில்லை" என்று எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. இத்தனை வருடம் கைநாட்டு வைத்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்த அறையில் நான் இருக்கும்வரை இப்படித்தான் எழுதுவேன்.