தலைக்குக் காத்தடிக்கிற இடம்

மார்கிரட்: சைக்கிளோடையோ உள்ளுக்கை வந்தவர்?

பெர்னடெட்: ஓம் பிள்ளை. சைக்கிளை அந்த யன்னலோடை சாத்திப்போட்டு... ஆழ்வாப்பிள்ளை எண்டு, சுன்னாகத்திலை வெங்காயம் விக்கிற ஆள். பின் சில்லுக்குக் காத்துப் போயிட்டுதாம். "தங்கச்சி, காத்தடிக்கப்படும் எண்டு வாசல்லை எழுதிக் கிடக்கு, பம்பைத் தாரும்" எண்டுறார்.

மார்கிரட்: ஐயோ... நீங்கள் என்ன சொன்னியள் அக்கா?

பெர்னடெட்: இஞ்சை தலைக்கு மட்டும்தான் காத்தடிக்கிறது எண்டன். அந்தாளுக்குத் தலையிலை ஒரு மயிர் கிடையாது. பகிடி பண்ணுறன் எண்டு நினைச்சு, பேசிப்போட்டுப் போயிட்டார்.

மார்கிரட்: அந்தப் பலகையை மாத்தி எழுதுங்கோவன்.

பெர்னடெட்: மாத்தி என்னெண்டு எழுதிறது? ஈரத் தலையை மெஷினாலை காயவைச்சு, பிரஷ்ஷாலை இழுத்து வடிவாக்கிறது... கொழும்பிலை நான் வேலை செய்த இடத்திலை உதுக்கு நல்லொரு இங்கிலீஷ் பேர். அதை எழுதியிருந்தா வெங்காய வியாபாரியும் வந்திருக்கமாட்டார், நீரும் வந்திருக்கமாட்டீர். இரும், இந்தக் கதிரையிலை இரும். ஆர் அது வெளியிலை, வேப்பமரத்துக்குக் கீழை?

மார்கிரட்: எங்கடை அக்கா, மரியநாயகி. சைக்கிளுக்குக் காவல் நிக்கிறா.

பெர்னடெட்: வெய்யிலுக்கை ஏன்? உள்ளுக்கை வரச் சொல்லுமன்.

மார்கிரட்: இப்ப வரமாட்டா. கூச்சம். அக்கா... இந்தச் சுருட்டைத் தலையை நேராக்கி விடுவியளோ? நாலு மணிக்கு என்னைப் பொம்பிளை பாக்க வருகினம்.

பெர்னடெட்: உந்தத் தலையையோ?

மார்கிரட்: ஓம். ஏன், ஏலாதோ?

பெர்னடெட்: ஏலும். ஏலாதெண்டு ஆர் சொன்னது... ஆனா வீண்வேலை.

மார்கிரட்: கடை வைச்சிருக்கிற நீங்களே வீண்வேலை எண்டு சொன்னா?

பெர்னடெட்: எல்லாருக்கும் வீண் எண்டு சொல்லேல்லை. தலைக்குத் தலை வித்தியாசம். உம்மடையை நேராக்க ஒரு மணித்தியாலம் மெஷினைப் பிடிக்கவேணும். எனக்குக் கை உளையும், உமக்குக் காது சுடும். பிறகு குருநகருக்கு வீட்டை போகேக்கை கடற்காத்துப் படும்... படலையைத் திறக்கேக்கை எல்லாம் பழையபடி சுருண்டுபோய் நிக்கும்.

மார்கிரட்: அவ்வளவு கெதியாயோ?

பெர்னடெட்: சிலவேளை வழியிலை பெரியகடை தாண்ட முந்தியே.

மார்கிரட்: துவாயாலை மூடிக்கொண்டு போனா?

பெர்னடெட்: மூடினா வேர்க்கும். வேர்த்தா இன்னும் கெதியாச் சுருளும்.

மார்கிரட்: நீங்கள் தொடங்குங்கோ அக்கா. இப்ப பன்னிரண்டே கால். ஒண்டரைக்குக் கறண்டை நிப்பாட்டிப்போடுவினம்.

பெர்னடெட்: நேரம் கிடக்கு, நேரம் கிடக்கு. தேத்தண்ணி குடிப்பீரோ?

மார்கிரட்: வேண்டாம்.

பெர்னடெட்: நான் குடிக்கப்போறன். உமக்கும் சேர்த்து வைக்கிறன்... ம், கேக்குதே? குசினிக்கை நிண்டு கதைக்கிறன்... அந்த மெஷினைத் தொடாதையும். எண்பத்திமூண்டுக் கலவரத்திலை கொழும்பிலையிருந்து கப்பல்லை வரேக்கை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தது. எங்கடை மனுசன் ரெண்டு சறத்தோடை வந்தவர், நான் உதோடை வந்தனான்.

மார்கிரட்: தொடேல்லை அக்கா. ஆருக்குத்தான் அப்ப உது நல்லம்?

பெர்னடெட்: மொத்தமான மயிர், நேரும் இல்லாமல் சுருட்டையும் இல்லாமல், காஞ்சா வைக்கல்போர் மாதிரிக் கிளம்பி நிக்குமே... அதுக்கு நல்லம். டொக்டர் சண்முகநாதன்ரை மனுசிக்கு அந்த மாதிரி. கலியாணவீடு எண்டா இஞ்சைதான் வருவா. ரெண்டு நாளைக்கு அசையாது. எண்ணெய்த் தலைக்கு அடிக்கவே கூடாது. போன கிழமை ஒரு பிள்ளை நல்லெண்ணெய் வழிய வழிய வந்து குந்தினது. நானும் பாவம் எண்டு அடிச்சன்... வீடு முழுக்கப் பொரியல் மணம்.

மார்கிரட்: பக்கத்து வீட்டிலை வடை கேட்டிருப்பினமே.

பெர்னடெட்: கேட்டவை. மெய்யாக் கேட்டவை. இந்தாரும், தேத்தண்ணி.

மார்கிரட்: மெல்லிசு மயிர்... நூல் பிடிச்ச மாதிரி நேர் எண்டா?

பெர்னடெட்: அதுக்குத்தான் உந்த மெஷினே. மண்டையோடை படிஞ்சு கிடக்கிற மயிர் எழும்பி நிக்கும், பாக்க ரெண்டு மடங்கு தெரியும். வேலையும் இருபது நிமிசம். குடுத்த காசுக்கு ஒருதரும் குறை சொல்லேலாது.

மார்கிரட்: அதைச் சுருட்டவும் ஏலுமோ?

பெர்னடெட்: நேர் மயிரையோ? உந்த உருண்டைப் பிரஷ்ஷிலை சுத்திச் சுத்திக் காத்தடிச்சு, சூடு ஆறுமட்டும் கிளிப் போட்டு விட்டா உம்மடை மாதிரியே நிக்கும். ஏன் கேக்கிறீர்?

மார்கிரட்: சும்மா. கடற்காத்துப் பட்டா?

பெர்னடெட்: கொஞ்சம் தளரும். தளர்ந்தா இன்னும் வடிவு.

மார்கிரட்: அஞ்சு மணி மட்டும் நிக்குமோ?

பெர்னடெட்: பொழுதுபடுமட்டும் நிக்கும். என்ன பிள்ளை, கடை போடப்போறீரோ? மாப்பிளை ஆர், அதைச் சொல்லும்.

மார்கிரட்: பாசையூர் ஆள். அடைக்கலநாதன் எண்டு, ஐஸ் பக்டரியிலை வேலை. கோயில் பெருநாள் ஊர்வலத்திலை மாதாவின்ரை சுருவம் தூக்கினவர்.

பெர்னடெட்: நல்ல பெடியன் எண்டுதான் கேள்வி.

மார்கிரட்: நல்லவர்தான். எங்கடை அக்காவும் அப்பிடித்தான் சொல்லுறா. சுருவம் எங்கடை ஒழுங்கையாலை வரேக்கை, தூக்கினவைக்குத் தேசிக்காய்த் தண்ணி குடுத்தது அவதான். எல்லாருக்கும் ஒவ்வொரு கிளாஸ்... அவருக்கு மூண்டு.

பெர்னடெட்: மூண்டையும் குடிச்சவரோ?

மார்கிரட்: குடிச்சவர். ஆர் தந்தது எண்டுதான் பாக்கேல்லை. தோளிலை பாரம். குனிஞ்ச தலை குனிஞ்சபடி.

பெர்னடெட்: ம்... அக்காவுக்கு இன்னும் ஒண்டும் பொருந்தி வரேல்லையோ?

மார்கிரட்: இருபத்தொன்பது வயசு. நாலு இடம் வந்து தட்டிப்போச்சு. இப்ப நான் முந்திப் போனா, மூத்தவளிலை என்ன குறை எண்டு ஊர் கேக்கும். பிறகு ஒருதரும் வரமாட்டினம்.

பெர்னடெட்: அவ என்ன சொல்லுறா?

மார்கிரட்: ஒண்டும் சொல்லேல்லை. விடிய எழும்பி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி என்ரை சீலையை மினுக்கித் தந்தவ. வைச்சுப்போட்டுப் போய், திரும்பி வந்து, மடிப்புச் சரியில்லையெண்டு இன்னொருக்கா மினுக்கினவ.

பெர்னடெட்: மடிப்புச் சரியில்லையோ?

மார்கிரட்: முதலே நல்லாத்தான் இருந்தது.

பெர்னடெட்: தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடியும்.

மார்கிரட்: மணி என்ன அக்கா?

பெர்னடெட்: ஒண்டு. ஒண்டு அடிச்சிட்டுது.

மார்கிரட்: அப்ப என்ரை தலைக்கு இனி நேரம் காணாது.

பெர்னடெட்: காணாதுதான்.

மார்கிரட்: நீங்கள் வேணுமெண்டுதான் கதைச்சுக் கதைச்சு இழுத்தனீங்கள்.

பெர்னடெட்: அப்பிடியொண்டும்...

மார்கிரட்: தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோனியள். அவ்வளவு கதை.

பெர்னடெட்: சரி, ஓம். கேளும். சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினது, என்ரை வாய் ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருக்கு. நேற்றுப் பின்னேரம் அடைக்கலநாதன்ரை தமக்கை இஞ்சை வந்தவ. அவனுக்கு உம்மடை பேரும் தெரியாது, முகமும் தெரியாது. சுருவத்துக்கு முன்னாலை நடந்த பொம்பிளையளுக்கை, முக்காட்டுக்குக் கீழை ஒரு சுருட்டைத் தலை தெரிஞ்சுதாம். முதுகுப் பக்கம் மட்டும். கட்டினா அந்தச் சுருட்டைத்தலைப் பிள்ளையைத்தான் எண்டு நிக்கிறானாம். அதை நான் என்ரை கையாலை நேராக்கி விடுறதோ?

மார்கிரட்: தெரியும் அக்கா.

பெர்னடெட்: என்ன தெரியும்?

மார்கிரட்: தரகர் செபநாயகம் வந்து அம்மாட்டைச் சொல்லேக்கை நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான். தமக்கை நேற்று உங்கடை படியாலை இறங்கிப் போனதையும் கண்டனான். நீங்கள் அவையின்ரை பக்கமோ எங்கடை பக்கமோ எண்டு தெரியாமல் வாயைத் திறக்கப் பயமாயிருந்தது. நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.

பெர்னடெட்: எல்லாம் தெரிஞ்சுகொண்டோ நேராக்கச் சொன்னீர்? ஆளைப் பிடிக்கேல்லையெண்டா அம்மாட்டைச் சொல்லுறதுதானே.

மார்கிரட்: மூண்டு கிளாஸ் குடுத்தது நான் இல்லையே அக்கா. என்ரை தலையை விடுங்கோ. நீங்கள் சொன்னதுதான் சரி, அது வீண்வேலை. நல்லெண்ணெயை அப்பி இழுத்துக் கொண்டை போட்டா ஒருதருக்கும் தெரியாது. நேர் மயிரைச் சுருட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பெர்னடெட்: நேராக்... சுருட்டவோ? இருபத்தைஞ்சு நிமிசம். பொறும்... பொறும் பிள்ளை. அந்த வெளியிலை நிக்கிறவவின்ரை தலை என்ன மாதிரி?

மார்கிரட்: மெல்லிசு. நூல் பிடிச்ச மாதிரி நேர். உயரம் என்ரை உயரம்தான். பின்னாலை பாத்தா அம்மாவே பேர் மாறிக் கூப்பிடுவா.

பெர்னடெட்: மாதாவே... உமக்குப் பதிலா அவவைக் காட்டப்போறியளோ? அம்மாவுக்குத் தெரியுமோ?

மார்கிரட்: தெரியும். கேட்டது சுருட்டைத் தலை, ஆரின்ரை எண்டு பேர் சொல்லிக் கேக்கேல்லைத்தானே எண்டுறா.

பெர்னடெட்: குடும்பத்தோடை விசர். அந்தப் பிள்ளைக்கு?

மார்கிரட்: அவவுக்கு ஒண்டும் தெரியாது. மெஷினைக் கண்டு எனக்குப் பயமாயிருக்கு, நீ முதல் இருந்து காட்டு எண்டா ஓடிவந்து இருப்பா. சின்னனிலை ஊசி போடேக்கையும் அப்பிடித்தான்.

பெர்னடெட்: நாலு மணிக்குச் சரி. கலியாணம் முடிஞ்சு அவ தலை முழுகிற அண்டைக்கு என்ன செய்வா, அதைச் சொல்லும்.

மார்கிரட்: அதுக்கு முந்தி அவவின்ரை முகத்தைப் பாத்திடுவார் அக்கா, பிறகு தலையை ஆர் பாக்கிறது... கூப்பிடட்டோ?