நாற்பத்திரண்டாவது படம்

பகல் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. ஸ்டுடியோவுக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை...

"பகல்லயா? பேய்க்கு மத்தியானத் தூக்கம் கிடையாதா?"

ராத்திரியில் பேய்க்கதை கேட்க உட்கார்ந்துவிட்டு இப்படிக் குறுக்கே பேசினால் எப்படி? சிரிக்காமல் கேளுங்கள். போர்வையை அப்புறம் பங்கு போட்டுக்கொள்ளலாம். இது என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. பொய்யே சொல்லாதவள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் சொன்ன ஒரு பொய்தான் விஷயமே.

அக்காவுக்குக் கார்ட்டூன் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் வேலை. படத்தைத் தொடங்குமுன் கதை முழுவதையும் சின்னச் சின்னத் தாள்களில் வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்திவைப்பார்கள். அதில் கில்லாடி அவளுடைய மாஸ்டர். மற்றவர்கள் ஆளைத் தலையிலிருந்து வரைவார்கள், இவர் பாதத்திலிருந்து. "எங்க நிக்கிறான்னு தெரிஞ்சாத்தான் யாருன்னு தெரியும்" என்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும்.

அவருடைய கடைசிக் கதையில் ஒரு சிறுமி, காணாமல்போன அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள். நாற்பத்தோராவது படத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அடுத்த படத்தை அவர் வரையவில்லை. அந்த இடத்தில் வெறும் ஊசியைக் குத்திவைத்திருந்தார். முதலாளி பார்க்க வரும் நாளில் மாஸ்டருக்குக் காய்ச்சல். அக்கா பதறிப்போய், தானே ஒன்றை வரைந்து குத்திவிட்டாள். வாசலில் அப்பா, வாயெல்லாம் பல். முதலாளி கொட்டாவி விட்டார். அந்தக் கார்ட்டூனையே கைவிட்டார்கள்.

"இத யாரும்மா வரைஞ்சது?" என்று பிறகு மாஸ்டர் கேட்டார்.

"தெரியல சார்" என்றாள் அக்கா.

மறு வருடம் அவர் இறந்துபோனார். எடுக்காமலே போன படங்களுக்காக அவர் வரைந்து வைத்தவை, வெளியே யாரும் பார்க்காதவை, பெட்டி பெட்டியாக இருந்தன. அவர் நினைவாக அவற்றைக் காட்சிக்கு வைக்க முடிவானது. மாட்டும் வேலை அக்காவுக்கு. அந்த ஞாயிறு அவள் மட்டும்தான் வந்திருந்தாள். அந்தக் கடைசிக் கதையின் நாற்பத்தொன்றையும் குத்தி முடித்தாள். தன் படத்தை மட்டும் நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை.

பின்னால்... தக்.

பலகையில் ஊசி இறங்கும் சத்தம். அவளுக்குத் தெரியாததா?

கிராம்பு வாசனை... திரும்பினாள். கடைசி இடத்தில் அவள் படம். மடித்த தடம் அப்படியே இருந்தது. ஆனால் வாசலில் அப்பா இல்லை. சுத்தமாக அழித்திருந்தது. தரையில் ரப்பர் துகள். பையைத் தொட்டுப் பார்த்தாள். ஜிப் மூடியே இருந்தது.

மறுநாள் வந்தவர்கள் எல்லோரும் அந்த வெற்று வாசல் முன்தான் நின்றார்கள். "முடிவுன்னா இது! மாஸ்டர் மாஸ்டர்தான்!" காட்சி முடிந்ததும் அவர் மனைவி அந்தப் படத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். "நீயே வெச்சுக்கோம்மா. தன் கதைய யாரு கெடுத்தாங்கன்னு தெரியாமலே போயிட்டாரு. அதுதான் எனக்கு ஆறல."

அப்போதும் அக்கா உண்மையைச் சொல்லாமல் படத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுச் சுவரில் மாட்டினாள். அடுத்த ஞாயிறு, இரண்டரை மணி. சர்... சர்... பென்சில் ஓடும் சத்தம். போய்ப் பார்த்தால், அந்த வாசலில் இரண்டு பாதங்கள். அதற்கடுத்த ஞாயிறு முழங்கால். பிறகு இடுப்பு. அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய அலமாரிக்குள்ளும் அதே சத்தம்.

"அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுக்கா" என்று நண்பன் காலில் விழாத குறை. "சொல்றேன்டா, சொல்றேன்" என்கிறாள். எனக்குக் கோபம்கூட வருகிறது. ஆனால் பயம்தான் அதிகம்.

போன ஞாயிறு கழுத்துவரை வந்துவிட்டது. தோளில் ஒரு பை தொங்குகிறது... அக்காவின் கைப்பை.

இனி முகம் மட்டும்தான் பாக்கி. மணி என்ன? பன்னிரண்டு தாண்டிவிட்டதா?

அப்படியானால் இன்று ஞாயிற்றுக்கிழமை.